லேன் கேபிள் போட்டும் நெட் மெதுவாக இருக்கிறதா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் முறை

வைஃபை மெதுவாக இருந்தால் சுவர், தூரம், பக்கத்து வீட்டு சிக்னல் என்று காரணங்கள் நீண்டுகொண்டே போகும். லேன் கேபிளில் அந்தக் குழப்பம் கிடையாது. கம்ப்யூட்டர், கேபிள், ரவுட்டர், ஓஎன்டி, வெளி லைன் என்று வரிசையாக நிற்கும் ஐந்து இடங்களில் ஏதோ ஒன்றில்தான் வேகம் சிக்கிக்கொண்டிருக்கும். எந்த இடம் என்பதை ஸ்பீடு டெஸ்ட்டில் வரும் எண்ணே பல நேரம் காட்டிக்கொடுத்துவிடும். அதைப் படிக்கத் தெரியாமல் புது ரவுட்டர் வாங்குவதும் பிளானை உயர்த்துவதும் வீண் செலவு.

ஓஎன்டி என்பது ஃபைபர் வந்து சேரும் பெட்டி. வீட்டில் பலரும் அதை மோடம் என்றே சொல்கிறார்கள். சில வீடுகளில் அதுவே ரவுட்டராகவும் வேலை செய்யும். சில வீடுகளில் அதன் பின்னால் தனி ரவுட்டர் இருக்கும். கீழே உள்ளவை இரண்டு அமைப்புக்கும் பொருந்தும்.

சோதனைக்கு முன்

லேப்டாப்பில் வைஃபையை அணைத்துவிடுங்கள். கேபிள் செருகியிருந்தும் டேட்டா வைஃபை வழியாகவே போய்க்கொண்டிருப்பது உண்டு. விபிஎன், கிளவுடில் போட்டோ ஏற்றும் செயலிகள், வீட்டில் ஓடும் ஸ்ட்ரீமிங் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். ஸ்பீடு டெஸ்ட்டில் உங்கள் நெட் நிறுவனத்தின் சொந்த சர்வரையோ, அருகிலுள்ள பெரிய நகரத்தின் சர்வரையோ தேர்ந்தெடுங்கள். 300 எம்பிபிஎஸ்-க்கு மேல் பிளான் இருந்து கம்ப்யூட்டர் பழையது என்றால், பிரவுசரில் ஓட்டாமல் ஸ்பீடு டெஸ்ட் செயலியை இறக்கி ஓட்டுங்கள். பழைய பிராசஸர் பிரவுசரிலேயே மூச்சு வாங்கிவிடும். குறைவான எண் வருவதற்கு லைன் காரணமாக இருக்காது.

அடுத்து லிங்க் ஸ்பீடு. கம்ப்யூட்டரும் அது செருகப்பட்ட போர்ட்டும் தங்களுக்குள் ஒத்துக்கொண்ட வேகம் இது. இன்டர்நெட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், ஈதர்நெட் என்று போனால் லிங்க் ஸ்பீடு என்ற வரி இருக்கும். மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸில் நெட்வொர்க், ஈதர்நெட், டீடெய்ல்ஸ், ஹார்டுவேர். அங்கே 1000 இருக்கிறதா, 100 இருக்கிறதா, 10 இருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு எண்ணைப் பார்க்காமல் வேறு எதையும் தொட வேண்டாம்.

அலகில் குழம்பிப் புகார் கொடுப்பவர்களும் உண்டு. பிளான் மெகாபிட்டில் சொல்லப்படுகிறது. டவுன்லோடு ஜன்னல் மெகாபைட்டில் காட்டுகிறது. 100 எம்பிபிஎஸ் லைனில் ஒரு ஃபைல் நொடிக்கு 11 முதல் 12 மெகாபைட் வேகத்தில் இறங்கினால் லைன் முழு வேகத்தில்தான் ஓடுகிறது.

அறிகுறி: பிளான் 200, 300, 500 எதுவானாலும் 90 முதல் 95-க்குள் நின்றுவிடுகிறது

வீடுகளில் அடிக்கடி வருவது இதுதான். ஏறாமல் இறங்காமல் 93, 94 என்று வந்தால் நடுவில் எங்கோ 100 எம்பிபிஎஸ் இணைப்பு ஒன்று உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். டேட்டா பாக்கெட் எனப்படும் சிறு துண்டுகளாகப் போகிறது; 100-இல் அவற்றின் தலைப்புச் சுமை போக மிஞ்சுவது ஏறக்குறைய 94. அதேபோல ஜிகாபிட் இணைப்பில் மிஞ்சுவது 940 அளவு.

லேன் கேபிளுக்குள் எட்டு வயர், நான்கு ஜோடி. 100 எம்பிபிஎஸ்-க்கு ஆரஞ்சு, பச்சை ஆகிய இரண்டு ஜோடி போதும். ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். நீலத்திலோ பழுப்பிலோ ஒரு வயர் விட்டுப்போனால் இணைப்பு அறுந்துபோகாது; சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். போர்ட் விளக்கு எரியும், நெட் வரும், யாருக்கும் சந்தேகம் வராது. கம்ப்யூட்டரிலுள்ள சில நெட்வொர்க் கார்டுகள் இப்படி இறங்கத் தெரியாமல், விளக்கு எரிந்து அணைந்து எரிந்து அணைந்து திண்டாடும். அதற்கும் பெரும்பாலும் இதே காரணம்தான்.

லிங்க் ஸ்பீடு 100 என்று இருந்தால் முதலில் நல்லதென்று தெரிந்த ஒரு சிறிய கேபிளை, ஒன்றிரண்டு மீட்டர் போதும், ரவுட்டர் பக்கத்தில் வைத்தே லேப்டாப்பில் செருகிப் பாருங்கள். 1000-க்குப் போய்விட்டால் சுவருக்குள் ஓடும் கேபிளோ அதன் முனைகளோதான் குற்றவாளி. ஆனால் பெட்டியோடு வந்த கேபிளை ‘நல்ல கேபிள்’ என்று கண்ணை மூடி நம்பக் கூடாது. விலை குறைந்த சில பெட்டிகளில் நான்கு வயர் மட்டுமே உள்ள கேபிளைப் போட்டுத் தருகிறார்கள். பிளக் கண்ணாடி மாதிரி இருப்பதால் வெளிச்சத்தில் பிடித்து எண்ணிவிடலாம்: எட்டு நிறமும் பிளக்கின் நுனிவரை போய் முட்டியிருக்க வேண்டும்.

நல்ல கேபிளிலும் 100-தான் என்றால் போர்ட்டைப் பாருங்கள். சில ஓஎன்டிகளில் முதல் லேன் போர்ட் மட்டும் ஜிகாபிட், மற்றவை 100. போர்ட்டுக்கு மேலே ஜிஇ, எஃப்இ என்று பொறித்திருந்தால் ஜிஇ-தான் ஜிகாபிட். ரவுட்டர் அட்டைப்பெட்டியில் 1200 எம்பிபிஎஸ் என்று கொட்டை எழுத்தில் இருப்பது வைஃபையின் கூட்டுக் கணக்கு. கேபிள் போர்ட்டைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. டிபி-லிங்க் ஆர்ச்சர் சி50 அந்த வகை: வைஃபை 1200, எல்லா போர்ட்டும் 100. ஆர்ச்சர் சி6-இல் போர்ட்டுகள் ஜிகாபிட். 100 எம்பிபிஎஸ்-க்கு மேல் பிளான் வைத்திருப்பவர் ரவுட்டர் வாங்கும்போது பார்க்க வேண்டிய முதல் வரி இந்த போர்ட் வேகம்தான்.

நடுவில் ஸ்விட்ச் இருக்கிறதா? டிவிக்குப் பின்னால், பரணில், சிசிடிவி பெட்டிக்குள் மறந்துபோன ஐந்து போர்ட் ஸ்விட்ச் ஒன்று ஒளிந்திருக்கும். டிபி-லிங்கில் எஸ்எஃப் என்று தொடங்கும் மாடல் 100, எஸ்ஜி என்று தொடங்கினால் ஜிகாபிட். லேப்டாப்பில் லிங்க் 1000 என்று காட்டியும் வேகம் 94-இல் நிற்பதற்கு வழக்கமான காரணம் இதுதான்: உங்கள் முனை ஜிகாபிட், அடுத்த கண்ணி 100. ரவுட்டருக்கும் ஓஎன்டிக்கும் இடையிலுள்ள ஒரு முழக் கேபிளையும் இதே கணக்கில் சேர்த்துச் சோதியுங்கள்.

டிவியில் 94 வந்தால் கவலை வேண்டாம். பெரும்பாலான டிவிகளின் லேன் போர்ட்டே 100 எம்பிபிஎஸ்தான். 4கே படத்துக்கு அது தாராளம்.

முனையை மாற்றிப் போடுவது எப்படி

கேபிள்தான் பிரச்சினை என்று உறுதியானால் முழுக் கேபிளையும் உருவ வேண்டாம். பத்துக்கு எட்டு முறை கோளாறு முனையில்தான் இருக்கும். தேவையானவை கிரிம்பிங் டூல், ஆர்ஜே45 பிளக் நாலைந்து, ஒரு சாதாரண கேபிள் டெஸ்டர்.

பழைய பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு, வெளி உறையை 3 சென்டிமீட்டர் அளவுக்கு உரியுங்கள். உள் வயரில் கீறல் விழுந்தால் மறுபடி வெட்டி முதலிலிருந்து தொடங்குங்கள். முறுக்கைப் பிரித்து, நீவி நேராக்கி, டி568பி வரிசையில் அடுக்குங்கள்: ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, நீலம், நீல-வெள்ளை, பச்சை, பழுப்பு-வெள்ளை, பழுப்பு. பிளக்கின் க்ளிப் கீழ்ப்பக்கமும், பித்தளைப் பற்கள் மேல்பக்கமும், கேபிள் நுழையும் வாய் உங்களைப் பார்த்தும் இருந்தால் இடது ஓரம்தான் ஆரஞ்சு-வெள்ளைக்கு. அடுக்கிய வயர்களை உறையிலிருந்து 13 மில்லிமீட்டர் விட்டு ஒரே வெட்டாக வெட்டி உள்ளே தள்ளுங்கள். எட்டு செம்பு நுனியும் முன்சுவரில் முட்டுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும்; வெளி உறையும் பிளக்குக்குள் நுழைந்து பூட்டுக்கடியில் அமர வேண்டும். உறை வெளியே நின்றால் அடுத்த முறை கேபிளை இழுக்கும்போது வயர்தான் உருவி வரும். பிறகு டூலை முழுக்க அழுத்துங்கள்.

எலக்ட்ரீஷியன்கள் அடிக்கடி செய்யும் ஒரு பிழை: நிறங்களை ஜோடி ஜோடியாக, ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என்று அழகாக அடுக்கி இரு முனையிலும் ஒரே மாதிரி போட்டுவிடுவது. டெஸ்டரில் ஒன்று முதல் எட்டு வரை விளக்கு ஒழுங்காக ஓடும். ஆனால் மூன்றாவது, ஆறாவது பின்கள் ஒரே முறுக்கு ஜோடியில் இருந்தாக வேண்டும். இந்த வரிசையில் அவை வேறு வேறு ஜோடிகளில் விழுகின்றன. முறுக்கு தரும் பாதுகாப்பு போய்விடுவதால் நீளமான கேபிளில் வேகம் தள்ளாடும், பாக்கெட் சிதறும். டெஸ்டர் சரி என்று சொல்லியும் கேபிள் சரியில்லை என்றால் பிளக்கின் நிற வரிசையைக் கண்ணால் பாருங்கள்.

கேபிள் வாங்கும்போது உறையில் கேட் 5இ அல்லது கேட் 6 என்று அச்சிட்டிருக்கிறதா, முழுச் செம்பா என்று கேளுங்கள். அலுமினியக் கம்பி மேல் செம்புப் பூச்சு பூசிய மலிவுக் கேபிளும் அதே பெயரில் விற்கப்படுகிறது. நுனியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளி நிறம் தெரியும். இரண்டு மூன்று முறை மடக்கினாலே ஒடியும். வீட்டுச் சுவருக்குள் இது வேண்டவே வேண்டாம். நல்ல கேட் 5இ கேபிளிலேயே ஜிகாபிட் 100 மீட்டர் வரை போகும்; ஒரு வீட்டுக்கு அதற்கு மேல் தரம் தேடிக் காசைக் கொட்ட வேண்டியதில்லை.

கேபிள் நீளம் பத்தாமல் நடுவில் வெட்டி, வயருக்கு வயர் முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவது மின்சாரத்துக்குச் சரி, லேனுக்குச் சரியில்லை. இணைத்தே ஆக வேண்டுமென்றால் இரண்டு முனையிலும் பிளக் போட்டு ஆர்ஜே45 கப்ளர் வையுங்கள். கரண்ட் வயர் போகும் அதே பைப்பில் லேன் கேபிளையும் இழுக்க விடாதீர்கள். இரைச்சலைவிட பெரிய பயம் ஒன்று இருக்கிறது: கரண்ட் வயரின் உறை உரிந்தால் 230 வோல்ட் நேராக உங்கள் ரவுட்டருக்கு வரும்.

அறிகுறி: லிங்க் 100 அல்லது 1000 காட்டுகிறது, வேகம் மட்டும் 2, 5, 8 என்று தரையில் கிடக்கிறது

கட்டளைச் சாளரத்தை (கமாண்ட் பிராம்ப்ட்) திறந்து, பிங் (ping: எதிர்முனையிலிருந்து பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் கட்டளை) என்று அடித்து ரவுட்டரின் முகவரியைக் கொடுங்கள். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. விண்டோஸில் முகவரிக்குப் பின் ஓர் இடைவெளி, சிறு கோடு, ‘டி’ எழுத்து சேர்த்தால் நிறுத்தும் வரை ஓடும். கேபிளில் ரவுட்டருக்கு 1 மில்லிசெகண்டுக்குள் பதில் வர வேண்டும். ஒரு பாக்கெட்கூடத் தொலையக் கூடாது. இங்கேயே தொலைந்தால் கோளாறு வீட்டுக்குள்தான். நெட் நிறுவனத்தைக் கூப்பிட்டுப் பயனில்லை.

கேபிள் மாற்றியும் தொலைந்தால் நெட்வொர்க் கார்டின் செட்டிங்கைப் பாருங்கள். டிவைஸ் மேனேஜரில் கார்டின் பிராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு பகுதியில் ஸ்பீடு அண்ட் டூப்ளெக்ஸ் என்று ஒரு வரி. அது ஆட்டோ நெகோஷியேஷனில், அதாவது இரு முனையும் தாமே பேரம் பேசி வேகத்தை முடிவுசெய்யும் முறையில், இருக்க வேண்டும். யாராவது ‘வேகமாக ஓடும்’ என்று 100 ஃபுல் டூப்ளெக்ஸைக் கையால் வைத்திருந்தால் எதிர்முனைக்குப் பேரம் பேச ஆளில்லை. வேகத்தை மட்டும் கண்டுபிடித்துக்கொண்டு ஹாஃப் டூப்ளெக்ஸில் (ஒரு நேரத்தில் பேசவோ கேட்கவோ மட்டும் முடிகிற முறை) நின்றுவிடும். ஒரு பக்கம் ஒரே நேரத்தில் பேசவும் கேட்கவும் செய்யும். மறுபக்கம் அதை மோதல் என்று நினைத்து மறுபடி மறுபடி அனுப்பும். சும்மா இருக்கும்போது பிங் நன்றாக இருந்து, டவுன்லோடு தொடங்கியதும் படுத்துவிடுவது இதன் அடையாளம்.

லிங்க் ஸ்பீடு 10 என்று வந்தால் பெரும்பாலும் கேபிள் மிக மோசமாகச் சேதமாகியிருக்கிறது. ஆனால் கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போது ரவுட்டர் பக்கத்தில் 10 காட்டுவது இயல்பு. மின்சாரம் சேமிக்க கார்டு தானே இறங்கி நிற்கிறது.

அறிகுறி: ஒரு கம்ப்யூட்டரில் மட்டும்

அதே கேபிளில் வேறு லேப்டாப் முழு வேகம் காட்டினால் டிரைவரைக் கவனியுங்கள். மதர்போர்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து புதிய டிரைவரைப் போடுங்கள். கிரீன் ஈதர்நெட், எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட் இரண்டையும் அணைத்துச் சோதியுங்கள். சில ரவுட்டர்களோடு இவை ஒத்துப்போகாமல் இணைப்பு அடிக்கடி விட்டு விட்டு வரும். யூஎஸ்பி-லேன் அடாப்டர் என்றால் எந்தத் துளையில் செருகியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். யூஎஸ்பி 2.0 துளையில் ஜிகாபிட் அடாப்டர் 300 அளவில் திணறி நிற்கும்; 3.0 துளைக்கு மாற்றினால் சரியாகும்.

அறிகுறி: ஓஎன்டியில் நேராகச் செருகினால் முழு வேகம், ரவுட்டர் வழியாக வந்தால் பாதி

எல்லா லிங்கும் 1000-ஆக இருந்தும் இப்படி என்றால் ரவுட்டரின் பிராசஸர் தாங்கவில்லை. நல்ல நிலையில் பாக்கெட்டுகளை ஹார்டுவேரே குறுக்கு வழியில் கடத்திவிடும். க்யூஓஎஸ் (எந்த டேட்டாவுக்கு முன்னுரிமை என்று பிரிக்கும் வசதி), பேரன்டல் கன்ட்ரோல், ஒவ்வொரு போனும் எவ்வளவு டேட்டா எடுத்தது என்று எண்ணும் வசதி, இவற்றில் ஒன்றை இயக்கினாலே பல ரவுட்டர்களில் அந்தக் குறுக்கு வழி மூடிக்கொள்ளும். ஒவ்வொரு பாக்கெட்டையும் சின்னஞ்சிறு பிராசஸர் பிரித்துப் பார்க்க வேண்டிவரும். ஒவ்வொன்றாக அணைத்து டெஸ்ட் எடுங்கள். ஹார்டுவேர் நேட், நேட் பூஸ்ட், ஆஃப்லோடு என்ற பெயரில் ஏதாவது இருந்தால் அதுதான் அந்தக் குறுக்கு வழி; அது இயங்கட்டும். பிஎஸ்என்எல் ஃபைபர் போலப் பயனர் பெயர், பாஸ்வேர்டு போட்டு இணையும் பிபிபிஓஇ லைன்களில் இந்தச் சுமை இன்னும் கூடும்.

ஓஎன்டியும் ரவுட்டர், உங்கள் பெட்டியும் ரவுட்டர் என்று இரண்டு அடுக்கு இருந்தால் வேகம் பெரிதாகக் குறையாது. ஆனால் இரண்டும் 192.168.1.1 என்ற ஒரே முகவரியில் இருந்தால் இணைப்பு தடுமாறும். ஓஎன்டியை பிரிட்ஜ் முறைக்கு (ரவுட்டர் வேலையை விட்டு லைனை மட்டும் கடத்தும் முறை) மாற்றச் சொல்லுங்கள். முடியாதென்றால் உங்கள் ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் முறையில் (ரவுட்டர் வேலையை ஓஎன்டிக்கே விட்டு வைஃபையும் போர்ட்டும் மட்டும் தரும் முறை) வைத்துவிடுங்கள்.

அறிகுறி: ஸ்பீடு டெஸ்ட் பிரமாதம், தளங்கள் மட்டும் திறக்கத் தாமதம்

சில நொடி வெள்ளைத் திரை, பிறகு சட்டென்று முழுப் பக்கமும் வந்தால் காரணம் டிஎன்எஸ், அதாவது தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சர்வர். ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் (பிரவுசரில் ரவுட்டரின் முகவரியை அடித்தால் திறக்கும்) டிஎன்எஸ் முகவரியை 1.1.1.1, 8.8.8.8 என்று மாற்றிப் பாருங்கள்.

சில தளங்கள் எப்போதும் நன்றாகத் திறந்து, குறிப்பிட்ட சில மட்டும் பாதியில் தொங்கினால் காரணம் எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட் எத்தனை பைட் வரை இருக்கலாம் என்ற அளவு. பிபிபிஓஇ லைனில் 8 பைட் தலைப்புக்குப் போய்விடுவதால் 1500-க்குப் பதில் 1492 இருக்க வேண்டும். ரவுட்டரின் வேன் (WAN, வெளி லைன்) பக்கத்தில் 1492 வைத்து, மறுதொடக்கம் செய்து பாருங்கள்.

அறிகுறி: யாராவது அப்லோடு செய்தால் எல்லாம் படுத்துவிடுகிறது

பிங்கை 8.8.8.8-க்கு ஓடவிட்டு, போனிலிருந்து பெரிய வீடியோ ஒன்றை ஏற்றுங்கள். 10 மில்லிசெகண்டில் இருந்தது 200, 300 என்று ஏறினால் பாக்கெட்டுகள் ரவுட்டருக்குள் வரிசையில் தேங்கி நிற்கின்றன. டோல்கேட்டில் ஆம்புலன்ஸும் லாரிக்குப் பின்னால் நிற்பது போல, ஆன்லைன் வகுப்பும் வீடியோவுக்குப் பின்னால் காத்திருக்கிறது. பிளானை உயர்த்தினால் இது தீராது. ரவுட்டரில் எஸ்க்யூஎம் (SQM, இந்த வரிசையை ஒழுங்குபடுத்தும் வசதி) இருந்தால் அதை இயக்கி, மேலும் கீழும் உண்மையில் கிடைக்கும் வேகத்தில் 90 சதவீதத்தை வரம்பாக வையுங்கள். வரிசை உங்கள் ரவுட்டரின் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிடும். அது இல்லாத ரவுட்டரில், கிளவுட் கேமரா, போட்டோ பேக்கப் ஆகியவற்றின் அப்லோடு வேகத்தை அந்தந்தச் செயலியிலேயே குறைத்து, பேக்கப்பை இரவுக்குத் தள்ளுங்கள்.

அறிகுறி: சில மணி நேரம் நன்றாக ஓடிப் பிறகு மெதுவாகிறது, ஆஃப் செய்து ஆன் செய்தால் சரியாகிறது

முதலில் அடாப்டர். 12 வோல்ட் பெட்டிக்கு 9 வோல்ட் அடாப்டரைச் செருகியிருந்தாலோ, பழைய அடாப்டர் சூட்டில் தளர்ந்திருந்தாலோ பெட்டி எரியும், ஆனால் சுமை ஏறியதும் தள்ளாடும். பவர் கட்டுக்காக மினி யூபிஎஸ் வைத்திருப்பவர்கள் கூட்டல் கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஓஎன்டி 1 ஆம்பியர், ரவுட்டர் 1.5 ஆம்பியர் என்றால் 2 ஆம்பியர் யூபிஎஸ் போதாது. செட்டாப் பாக்ஸின் தலைமேல் ரவுட்டரை வைத்திருந்தால் கீழே இறக்குங்கள்.

எல்லாப் போர்ட் விளக்குகளும் ஒரே தாளத்தில் வேகமாகத் துடித்து, ரவுட்டர் பக்கம்கூடத் திறக்கவில்லை என்றால், ஒரே கேபிளின் இரு முனையும் அதே ஸ்விட்ச்சில் செருகப்பட்டிருக்கும். வீடு பெருக்கும்போது கழன்ற முனையை யாரோ நல்லெண்ணத்தில் காலித் துளையில் செருகியிருப்பார்கள். அதை உருவினால் நொடியில் சரியாகும்.

அறிகுறி: மழை, இடிக்குப் பிறகு

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அதிகம் வரும். மாடிக்கு வெளிச்சுவர் வழியாகப் போகும் லேன் கேபிள், பக்கத்தில் விழும் மின்னலின் வீச்சை வாங்கிவிடும். போர்ட் முழுக்கச் செத்தால் தெரிந்துவிடும். பாதி செத்தால் அன்றுமுதல் 100-இல் மட்டும் இணையும். அதே கேபிளை அடுத்த போர்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள். வெயிலில் வெடித்த உறைக்குள் மழைத்தண்ணீர் இறங்கியிருந்தால், மழை நாளில் மோசமாகி வெயிலடித்தால் தேறும். வெளியில் போடக் கறுப்பு உறையுள்ள அவுட்டோர் கேபிள்தான் வேண்டும். புதிதாகப் போடுவதானால் மாடிகளுக்கு இடையே ஃபைபரும் இரு முனையில் மீடியா கன்வர்ட்டரும் (ஃபைபரை லேன் கேபிளாக மாற்றும் பெட்டி) நல்லது. கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது. உலோகக் கம்பி உள்ள ஃபைபராக வாங்கிவிடாதீர்கள். இடி தொடங்கினால் அடாப்டரோடு சேர்த்து வெளியிலிருந்து வரும் லேன் கேபிளையும் கழற்றுங்கள்.

அறிகுறி: ஓஎன்டியில் நேராகச் செருகியும் குறைவு, அல்லது மாலையில் மட்டும் குறைவு

இப்போதுதான் நெட் நிறுவனத்தின் பக்கம் திரும்ப வேண்டும். அதற்கு முன் ஒன்று: மாதக் கடைசியில் ஒரே நாளில் வேகம் விழுந்து, பில் தேதியில் மீண்டும் எழுந்தால் அது டேட்டா வரம்பு. ‘அன்லிமிடெட்’ பிளான்கள் பலவற்றில் 3300 ஜிபி-க்குப் பிறகு வேகம் குறைக்கப்படும்.

ஓஎன்டியின் பக்கத்தில் ஆப்டிகல் அல்லது பான் பகுதியில் ஆர்எக்ஸ் பவர் என்ற எண் இருக்கும். வெளியிலிருந்து வந்து சேரும் ஒளியின் பலம் அது. மைனஸ் 15 முதல் மைனஸ் 24 வரை நிம்மதி. மைனஸ் 27-ஐ நெருங்கினால் ஒளி மங்கிவிட்டது. வேகம் குறைவதோடு இணைப்பும் விட்டு விட்டு வரும். சோஃபாவுக்குப் பின்னால் மஞ்சள் ஃபைபர் நசுங்கியோ, ஆணியில் கூராக மடங்கியோ இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளங்கை அகல வளையத்தைவிடச் சிறிதாக அதைச் சுற்ற வேண்டாம். பச்சைப் பிளக்கை நீல அடாப்டரில் செருகியிருந்தாலும் ஒளி வீணாகும். பிளக்கைக் கழற்றி நுனியைக் கண்ணால் பார்க்கவே கூடாது: அதில் வருவது 1490 நானோமீட்டர் லேசர், கண்ணுக்குத் தெரியாது.

ஒளி சரியாக இருந்தும் இரவு 8 முதல் 11 வரை மட்டும் விழுந்தால் நெரிசல். வீடுகளுக்கு வரும் ஃபைபரில் வழக்கமான ஜிபான் (GPON) லைனில் 2.5 ஜிபிபிஎஸ் தெருவிலுள்ள 32 அல்லது 64 வீடுகளுக்குப் பொது. அதற்கு மேல் உள்ளூர் ஆபரேட்டரின் மேல்நிலை லைனும் நிரம்பியிருக்கலாம்.

புகாரில் ‘நெட் ஸ்லோ’ என்று மட்டும் எழுதினால் ரீஸ்டார்ட் செய்யச் சொல்லி மூடிவிடுவார்கள். இப்படி எழுதுங்கள்: வைஃபை அணைத்து, ஓஎன்டியில் நேராகக் கேபிள் செருகி, லிங்க் 1000, காலை 7 மணிக்கு இவ்வளவு, இரவு 9 மணிக்கு இவ்வளவு, ஆர்எக்ஸ் பவர் இவ்வளவு, ஓஎன்டிக்கு பிங்கில் இழப்பு இல்லை. மூன்று நாள் ஸ்கிரீன்ஷாட் சேருங்கள். புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். லைன்மேன் பகல் 11 மணிக்கு வந்து டெஸ்ட் எடுத்து முழு வேகம் காட்டினால் புகாரை முடிக்க ஓடிபி சொல்லாதீர்கள். இரவு 9 மணி அளவையும் பார்த்த பிறகு சொல்கிறேன் என்று சொல்லுங்கள்.